ரத்தம் எடுப்பது அரை நாள் வேலை, அதற்குப் பிறகுதான் பாடு

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் ரத்த நோயான தலசீமியா பற்றிய விழிப்புணர்வு என்றாலே மே 8 உலக தலசீமியா தினம், பேனர், ஊர்வலம் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். பரிசோதனை முகாம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், ரத்தம் எடுப்பது அரை நாளில் முடிந்துவிடும். முடிவைச் சரியாகப் படிப்பதும், அதை உரியவரிடம் பக்குவமாகச் சொல்வதும்தான் மாதக்கணக்கில் இழுக்கும்.

ஊதா மூடிக் குழாயில் ஆளுக்கு 2 மி.லி. ரத்தம் போதும். முதலில் ரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்ப்போம். சிவப்பணுவின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. 80-க்குக் கீழோ, ஒரு சிவப்பணுவில் சராசரியாக எவ்வளவு ஹீமோகுளோபின் என்று காட்டும் எம்.சி.எச். 27-க்குக் கீழோ இருந்தால், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனைக்கு அதே குழாய் போகும். அதில் ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை 3.5 சதவீதத்தைத் தாண்டினால், பெரும்பாலும் பீட்டா வகைத் தலசீமியாவின் கேரியர், அதாவது நோய் இல்லாமல் அதன் மரபணு மாற்றத்தை மட்டும் சுமப்பவர்.

சறுக்குவது இங்கேதான். ஒரு ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 11, எம்.சி.வி. 64, சிவப்பணு 55 லட்சம் என்று இருக்கிறது. 11-ஐ மட்டும் பார்ப்பவர் ரத்தசோகை என்று இரும்பு மாத்திரை எழுதிவிடுவார். சிவப்பணு இத்தனை இருந்தும் ஒவ்வொன்றும் இவ்வளவு சிறியதாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். எம்.சி.வி. 64-ஐ, சிவப்பணுவை மில்லியனில் சொல்லும் 5.5-ஆல் (55 லட்சம்) வகுத்தால் 12-க்குக் கீழே வருகிறது. 13-க்குக் குறைந்தால் தலசீமியாவைச் சந்தேகிக்க வேண்டும். இந்தக் கணக்கு சந்தேகத்துக்கு மட்டும்தான், முடிவு சொல்ல உதவாது. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்காமல் இப்படிப்பட்டவர்களுக்கு வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுப்பது தவறு.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரும்புச்சத்து நிஜமாகவே குறைந்திருந்தால் ஏ2 அளவும் கொஞ்சம் இறங்கி, கேரியர் கண்ணில் படாமல் தப்பிவிடலாம். எல்லைக்கோட்டில் இருக்கிற ரிப்போர்ட்டை 'நார்மல்' கட்டில் போடாதீர்கள். இரும்புக் குறைவைச் சரிசெய்துவிட்டு மறுபடி பாருங்கள். அண்மையில் ரத்தம் ஏற்றியவருக்கு, கொடுத்தவரின் அணுக்களும் கலந்து தெரியும் என்பதால் மூன்று நான்கு மாதம் பொறுக்க வேண்டும். தலசீமியாவின் இன்னொரு வகையான ஆல்ஃபா தலசீமியாவின் கேரியருக்கு ஏ2 உயராது, அதற்கு மரபணுப் பரிசோதனைதான் வழி.

முடிவைக் கூட்டத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கவே கூடாது. ஒருமுறை அப்படிப் பெயர் வெளியே வந்தால், அந்தப் பெண்ணின் கல்யாணப் பேச்சு வரைக்கும் அது துரத்தும். தனியறை, ஒட்டிய உறை, முதல் வாக்கியம் "உங்களுக்கு நோய் இல்லை". பிறகு காகிதத்தில் நான்கு கட்டம் போட்டுக் காட்டுவோம். கணவன் மனைவி இருவரும் கேரியராக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய்க்கு 25 சதவீதம், கேரியராகப் பிறக்க 50, எதுவும் இல்லாமல் பிறக்க 25. "ஒண்ணு பாதிச்சாச்சு, இனி மூணு நல்லாப் பிறக்கும்" என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சீட்டு குலுக்குவது போல என்றால் புரிந்துகொள்கிறார்கள்.

இருவரும் கேரியர் என்றால், இருவரின் மரபணு மாற்றத்தையும் கர்ப்பத்துக்கு முன்பே கண்டுபிடித்து வைக்க வேண்டும். கருவுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்க நஞ்சுக்கொடித் திசுப் பரிசோதனையை 11 வாரம் ஆனதும் செய்யலாம், பனிக்குடநீர்ப் பரிசோதனை 15 வாரத்துக்குப் பிறகு. கர்ப்பமான பிறகு ஓடிவந்தால், மாற்றத்தைத் தேடுவதிலேயே வாரங்கள் கரைந்துபோகும்.

ஏற்கெனவே நோயோடு இருக்கும் குழந்தைகளுக்கு வேண்டியது பரிதாபம் அல்ல, தேதி தவறாத ரத்தம். ஹீமோகுளோபின் 9.5-லிருந்து 10.5-க்குள் இருக்கும்போதே அடுத்த ரத்தம் ஏற வேண்டும், இரண்டிலிருந்து ஐந்து வாரத்துக்கு ஒருமுறை. முதல் யூனிட் ஏறுவதற்கு முன்பே சி, ஈ, கெல் உள்ளிட்ட ரத்த உபவகைகளையும் பார்த்துப் பதிந்துவிட வேண்டும். விட்டுவிட்டால், பின்னாளில் எதிர்ப்புப் பொருள் உருவாகிப் பொருத்தமான ரத்தம் தேடுவது பெரும்பாடு. வெள்ளையணு நீக்கிய ரத்தமாகக் கேட்டு வாங்குங்கள், ரத்தம் ஏறும்போது வரும் குளிர் ஜுரம் வெகுவாகக் குறையும். மூன்று வாரத்துக்கு இரண்டு யூனிட் ஏறும் பெரியவருக்கு வருடத்துக்கு 35 யூனிட் ஆகிறது. அவசரத்துக்கு நண்பர்களைத் தேடி ஓடுவதை விட, மாதவாரியாகக் கொடையாளர் பட்டியல் போட்டு ஒரு வாரம் முன்பே நினைவூட்டுவதுதான் நிலைக்கும்.

ஒவ்வொரு யூனிட்டிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உள்ளே போகிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை. இதயம், ஈரல், ஹார்மோன் சுரப்பிகள் எல்லாவற்றிலும் படியும். 10 முதல் 20 தடவை ஏற்றியதும், அல்லது ஃபெரிட்டின் 1000-ஐத் தாண்டியதும் இரும்பை இறக்கும் மருந்து தொடங்கிவிடும். அந்த மருந்து டெஃபெராக்ஸமின் என்றால் வயிற்றுத் தோலுக்கடியில் மெல்லிய ஊசி, 8 முதல் 12 மணி நேரம் பம்ப், வாரத்தில் ஐந்து இரவாவது. அதே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் கட்டி எழும்பும், இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரும்பை இறக்க டெஃபெரிப்ரோன் என்ற மருந்தைச் சாப்பிடும் பிள்ளைக்கு ஜுரம் வந்தால், மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே வெள்ளையணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். பதின்ம வயதில்தான் நிறையப் பேர் மருந்தை ரகசியமாக விடுகிறார்கள். திட்டினால் இன்னும் மறைப்பார்கள். அதே வயதில் தவறாமல் மருந்து எடுத்துக்கொள்ளும் இன்னொருவரோடு பேசவைத்தால் கேட்கிறார்கள்.

நோயாளியின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு அட்டை இருக்கட்டும். ரத்த வகை, உபவகைகள், உருவான எதிர்ப்புப் பொருள்கள், சாப்பிடும் மருந்து, மண்ணீரல் எடுத்தாயிற்றா என்பது. மண்ணீரல் எடுத்தவருக்கு 38 டிகிரிக்கு மேல் ஜுரம் வந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.