போர்வை வியாபாரிக்காக ஒரு மேல்முறையீடு

2024-இன் தொடக்கத்தில், குழந்தை கடத்தல் வதந்திகள் சென்னையில் பரவிக்கொண்டிருந்தபோது, தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குத் தவணைக்குப் போர்வை விற்க வரும் வடமாநில முதியவரைக் காணொளி எடுத்து, ‘பிள்ளை பிடிப்பவன்’ என்ற வாசகத்துடன் யாரோ ஒரு சமூக வலைத்தளத்தில் ஏற்றிவிட்டார்கள். 2018-இல் இதே போன்ற வதந்தியை நம்பி, எங்களுக்கு வடக்கே பழவேற்காட்டில் ஒருவரை அடித்தே கொன்றார்கள். அந்த அச்சத்தில்தான், முதியவரின் சம்மதத்துடன் அவர் பெயரிலேயே புகார் எழுத உட்கார்ந்தோம்.

அதற்கு முன்பே தெருவில் பலர் செயலியிலுள்ள ‘ரிப்போர்ட்’ பொத்தானை அழுத்தியிருந்தார்கள். அது நிறுவனம் தன் சொந்த நெறிகளை வைத்துச் செய்யும் பரிசீலனை மட்டுமே. சட்டப்படியான புகார் குறைதீர்ப்பு அலுவலருக்குத் தனியே போக வேண்டும். அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் ஒவ்வொரு தளமும் வெளியிட்டாக வேண்டும் என்கின்றன 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள். அன்று நடைமுறையில் இருந்தபடி, புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். பொய்த் தகவலை நீக்கக் கோரும் புகாரின் மீது 72 மணி நேரத்தில் நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. எங்களுக்கு வந்த பதிலோ, காணொளி தங்கள் நெறிகளை மீறவில்லை என்பதுதான்.

அந்த மறுப்பு மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துவது மிக முக்கியம். ஒன்றிய அரசு 2023 ஜனவரியில் அமைத்த குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவை, அந்தப் பதில் கிடைத்த 30 நாள்களுக்குள் அணுக வேண்டும். விசாரணை முழுவதும் இணையவழியிலேயே நடக்கிறது. காணொளியின் இணைப்பு, தேதி தெரியும் திரைப்பதிவுகள், காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கு வாங்கிய சி.எஸ்.ஆர். ரசீது ஆகியவற்றை இணைத்து, எந்த விதி மீறப்பட்டது என்பதை எண்ணுடன் எழுதினோம். குழு எங்கள் பக்கம் ஆணையிட்டது, காணொளி நீங்கியது.

தனிமனிதர் கேட்டவுடன் எதையும் நீக்கிவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ இல்லாமல் நீக்கியே ஆக வேண்டும் என்று தளங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2015-இல் ஷ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதன் அருமை வடசென்னைக்காரர்களுக்குப் புரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோது, மீனவர்கள் கைப்பேசியில் எடுத்த காணொளிகளை யாரோ கொடுத்த ஒரு புகாரால் அழித்திருந்தால் எங்கள் நிலை என்ன ஆகியிருக்கும்? ஆகவே, விசாரித்து, காரணம் எழுதி ஆணையிடும் இந்த முறை எனக்கு உடன்பாடானதே.

ஆனால் அந்த ஆணை நாங்கள் கொடுத்த ஓர் இணைப்பை மட்டுமே தொட்டது. அதே காணொளி வேறு கணக்குகளில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் புதிய புகார், புதிய காத்திருப்பு. கூலிக்கு அலையும் ஒருவரால் இது இயலாது. முன்பு கிடைத்த ஆணையின் எண்ணைக் குறிப்பிட்டாலே அதே காணொளியின் பிரதிகளையும் தளம் நீக்க வேண்டும் என்று விதியைத் திருத்தும்படி, மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்குத் தெருவாசிகள் கையெழுத்திட்டு மனு அனுப்பியுள்ளோம்.