மலை அணை உடைப்பை ஆய்வுக்கு எடுப்பவர்களுக்கு

அணை உடைந்தால் வெள்ளம் எப்படிப் பாயும் என்று கணினியில் கணிக்கும் எம்.இ. (முதுநிலைப் பொறியியல்) ஆய்வுக்கு நீலகிரி அணை ஒன்றை எடுப்பவர்கள், மின்வாரியத்தின் குந்தா நீர்மின் திட்டப் படத்தை வைத்தே வெள்ளத்தின் வழியைக் குறித்துவிடுவது வழக்கம். அங்கேயே தடம் மாறிவிடும். மேல்பவானி அணையின் நீர் சுரங்கம் வழியாக அவலாஞ்சி அணைக்குப் போவது மின் உற்பத்திக்காக. அணை உடைந்தால் தண்ணீர் பள்ளத்தைத்தான் தேடும்: பவானி ஆற்றோடு கேரளத்தின் அட்டப்பாடிக்குள் இறங்கி, திரும்பவும் தமிழ்நாட்டுக்குள் வந்து பில்லூர் அணையில் சேரும். அதனால் பாதிப்புப் பட்டியலில் இரண்டு மாநில ஊர்களும் வர வேண்டும். முக்குருத்தி, பைக்காரா அணைகள் என்றால் வெள்ளம் போவது மாயாற்றுப் பள்ளத்தாக்கில்.

அடுத்து உடைப்பின் அளவு. கற்கட்டு, கான்கிரீட் அணைகள் சில நிமிடங்களில் துண்டு துண்டாகப் பெயரும். மண் அணை அரிபட்டு மெல்ல அகலும். மண் அணைக்கு, உடைப்பின் அகலத்தையும் நேரத்தையும் கணக்கிடும் ஃப்ரோலிக்கின் 2008 சூத்திரம் போதும். ஒரு கோடி கனமீட்டர் நீர், 20 மீட்டர் உயரம், நீர் மேலே வழிந்து உடைகிறது என்று வைத்தால் உடைப்பின் சராசரி அகலம் சுமார் 69 மீட்டர், உடைய ஆகும் நேரம் சுமார் 53 நிமிடம். அவரது 1995 சூத்திரப்படி உச்ச வெளியேற்றம் வினாடிக்கு ஏறக்குறைய 2,900 கனமீட்டர். மென்பொருள் தரும் உச்சம் இதைப் போல் மூன்று மடங்கு வந்தால் உள்ளீட்டில் ஏதோ பிசகு. வெளியேறிய மொத்த நீரையும் கூட்டிப் பாருங்கள்; தேக்கத்தில் இருந்ததும் அதற்குள் வந்துசேர்ந்ததும் கூட்டியதைவிட அதிகமாக வரவே கூடாது.

செயற்கைக்கோள் தரும் நில உயரத் தரவில் இரண்டு சிக்கல்கள். நீர்த்தேக்கம் தட்டையான பரப்பாகவே தெரியும், அடித்தளம் இருக்காது. அதற்கு உயரம்–கொள்ளளவு அட்டவணையைத்தான் நம்ப வேண்டும். இரண்டாவது, நிலத்தை 30 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்த தரவில் ஒடுங்கிய ஓடை காணாமல் போய்விடும், சோலை மரங்களின் உச்சி தரையாகப் பதிவாகும். ஆற்றின் குறுக்குவெட்டை இரண்டு மூன்று இடங்களிலாவது அளந்து திருத்துங்கள்.

சரிவான பாறை ஓடைக்கு மேனிங் கெழு (ஓடைப் படுகையின் கரடுமுரடைக் குறிக்கும் எண்) 0.035 என்று போட்டு, மைல் கணக்கில் ஃப்ரூட் எண் (நீரின் வேகத்துக்கும் அலையின் வேகத்துக்கும் உள்ள விகிதம்) 1-ஐத் தாண்டினால், கெழு குறைவு என்று பொருள். 0.06 முதல் 0.1 வரை முயலுங்கள். கட்டம் 20 மீட்டர், வேகம் வினாடிக்கு 10 மீட்டர் என்றால் காலப்படி (மென்பொருள் ஒவ்வொரு முறையும் முன்நகரும் நேர அளவு) 2 வினாடிக்கு மேல் போகக் கூடாது. 'கணிப்பு நின்றுவிட்டது' என்ற புலம்பல்களில் பாதி இந்தக் காலப்படியால்தான்.

தெளிந்த நாள், கனமழை நாள் என இரண்டு நிலையிலும் கணிப்பை ஓட்டுங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது; அப்படிப்பட்ட நாளில் பில்லூரும் நிறைந்தே இருக்கும். கீழ் அணையின் தொடக்க மட்டத்தை முழுக் கொள்ளளவில் வையுங்கள். 1961-ல் மகாராஷ்டிரத்தின் பான்ஷெட் அணை உடைந்த வெள்ளமே கீழே இருந்த கடக்வாஸ்லா அணையையும் உடைத்துப் புனே நகருக்குள் புகுந்தது.

மேட்டுப்பாளையத்துக்கு வெள்ளம் வந்துசேரும் நேரத்தை எழுதும்போது, எதிலிருந்து எண்ணியது என்பதையும் எழுதுங்கள். உடைப்பு தொடங்கியதிலிருந்தா, முழுதாக உடைந்ததிலிருந்தா என்பதிலேயே மேலே சொன்ன மண் அணைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் மாறும். வாய்மொழித் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள்.