நான் கோதுமையை இரண்டு முறை நிறுத்திய கதை

முதல் முறை நானாக நிறுத்தினேன். அதுதான் நான் செய்த தப்பு.

இரண்டு வருடமாக எனக்கு ரத்தச்சோகை. இரும்புச்சத்து மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டவே இல்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிறு மத்தளம் மாதிரி உப்பிவிடும். யாரோ சொன்னதைக் கேட்டு கோதுமையைக் கைவிட்டேன். மூன்றே வாரத்தில் வயிறு லேசானது. இவ்வளவு சுலபமா என்று ஒரு பெருமிதம் வேறு!

இரத்தச்சோகை மட்டும் போகாததால் குடல்நோய் மருத்துவரிடம் போனேன். கதையைக் கேட்டவர் பேனாவைக் கீழே வைத்தார். "டெஸ்ட் எடுக்காமலே நிறுத்திட்டீங்களா?"

அவர் சந்தேகப்பட்டது சீலியாக் நோயை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் எதிர்ப்பாற்றல் சொந்தச் சிறுகுடலையே தாக்கும். டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனையில் அதற்கான எதிர்ப்பொருளைப் பார்ப்பார்கள். குளூட்டன் வருவது நின்றால் அந்த எதிர்ப்பொருளும் குறைந்துவிடும், குடலும் ஆற ஆரம்பித்துவிடும். நோய் இருந்தும் 'இல்லை' என்றே முடிவு வரலாம். நான் இரண்டு மாதமாகக் கோதுமையைத் தொடவில்லை.

அதனால் ஆறு வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல், மறுபடி கோதுமை சாப்பிடச் சொன்னார். ஆகாது என்று தெரிந்த பண்டத்தை மருந்து போல விழுங்குவது எவ்வளவு கொடுமை என்பதைப் பட்டால்தான் தெரியும். நாலாவது வாரம் தட்டைப் பார்த்தே அழுதேன். முதலிலேயே ரத்தப் பரிசோதனைக்கு ஒரு ஊசி குத்திக்கொண்டிருந்தால் இது தேவைப்பட்டிருக்காது.

ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு எகிறியிருந்தது. எண்டோஸ்கோபி செய்து முன்சிறுகுடலில் சில துணுக்குகள் எடுத்தார்கள். பள்ளியில் படம் வரைந்து பாகம் குறித்தோமே, விரல் விரலாக நிற்கும் குடலுறிஞ்சிகள், அவை எனக்குத் தேய்ந்து தட்டையாகியிருந்தன. இரும்புச்சத்தை உறிஞ்சுவது பெரும்பாலும் அந்த முன்சிறுகுடல்தான். மாத்திரை ஏன் பலிக்கவில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்து குழந்தை மருத்துவர். அவருக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்தது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்ததும் அதை வலுப்படுத்தின. 1950-ல் ஆய்வேடாகவே எழுதினார். அந்த ஆறு வாரத்தை நினைத்தால் அந்தக் குழந்தைகள்தான் நினைவுக்கு வருவார்கள்.

இரண்டாம் முறை நிறுத்தியபோது, ரொட்டியை விடுவது பெரிய கஷ்டமாக இல்லை. உதிரும் தூள்தான் படுத்தியது. குளூட்டன் இல்லாதது என்று அச்சிட ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேச அளவுகோல். ஒரு துண்டு ரொட்டியிலோ அது கிராம் கணக்கில் இருக்கிறது. ஆகவே மரக்கரண்டி, பூரிக்கட்டை, டோஸ்டர் எல்லாம் எனக்கென்று தனியாக வந்தன. சல்லடையை மட்டும் மறந்துபோனேன். சிறுதானிய மாவை அதில் சலித்துச் சாப்பிட்டு, மறுபடி வயிறு உப்பி, காரணம் பிடிபடாமல் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். சல்லடைக் கண்களில் கோதுமை மாவு ஒட்டியிருந்தது!

கடைப் பொருளில் 'கோதுமை இல்லை' என்று இருந்தால் போதாது. மால்ட் என்றால் பெரும்பாலும் பார்லி. சோயா சாஸில் வழக்கமாகக் கோதுமை சேர்ப்பார்கள். ஓட்ஸில் இயல்பாகக் கோதுமைக் குளூட்டன் கிடையாது. ஆனால் விளைகிற இடத்திலும் அரைக்கிற இடத்திலும் கலந்துவிடும். ரை என்ற சொல்லைச் சிலர் கம்பு என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அதைப் படித்து ஆறு மாதம் கம்பைத் தள்ளிவைத்திருந்தேன், பாவம். கம்பு, சோளம், அரிசி எதிலும் நமக்கு ஆகாத குளூட்டன் இல்லை.

'குளூட்டன் இல்லாத' பிஸ்கட்டுகளை நம்பியது இன்னொரு கூத்து. பலவற்றில் மாச்சத்தும் சர்க்கரையும்தான், நார்ச்சத்து சொற்பம். மலச்சிக்கல் வந்தது, குடல் ஆறி உறிஞ்ச ஆரம்பித்ததில் எடையும் ஏறியது. பருப்பு, கீரை, பழம் என்று திரும்பிய பிறகுதான் சரியானது. முதல் சில மாதம் பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி அந்தக் குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் சுரக்கிறது. நுனியே இல்லாதபோது எங்கிருந்து சுரக்கும்? ஆறு மாதத்தில் அதுவும் திரும்பியது.

விருந்துகளில் "டயட்டில் இருக்கிறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்?" என்பார்கள். இப்போது "எனக்கு ஒரு குடல் நோய்" என்றே சொல்லிவிடுகிறேன். அதற்கு மேல் யாரும் வற்புறுத்துவதில்லை.

ஒரு வருடம் தாண்டியபோது எதிர்ப்பொருள் அளவு இயல்புக்கு வந்தது, ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டது. பெற்றோர், உடன்பிறந்தவர்களுக்கும் இந்த நோய் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அவர்களையும் பரிசோதிக்கச் சொன்னார்கள்.

போன வாரம் தம்பி அழைத்தான். "எனக்கும் கொஞ்ச நாளா வயிறு உப்புதுக்கா. நானும் கோதுமையை நிறுத்திப் பாக்கட்டுமா?"

"நிறுத்தினே, உதைப்பேன். ரத்தம் குடுக்குற வரைக்கும் தின்னுக்கிட்டே இரு."