சேத்துப்பட்டுப் பக்கத்தில் ஒரு மாதா கோயில்: கொள்ளுத்தாத்தாவைத் தேடிப் போன கதை

கொள்ளுத்தாத்தா பிறந்த ஊர் எது என்பது இப்போது உறுதியாகிவிட்டது. ஊரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, அந்த வழி வந்தவர்கள் இன்னும் அங்கேயே குடியிருக்கிறார்கள். சேத்துப்பட்டுக்குப் பக்கத்தில், மல்லாட்டைக் கொல்லைகளும் ஏரிப் பாசனக் கழனிகளும் சூழ்ந்த சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் பழைய மாதா கோயில் ஒன்று இருக்கிறது. வேலூர்ப் பக்கத்தில் நிறையக் குடும்பங்களுக்கு இதே கேள்வி இருக்கிறது. அவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன்.

தொடங்கும்போது கையில் இருந்தது கொஞ்சம்தான். "உங்க தாத்தாவோட அப்பாரு சேத்துப்பட்டுப் பக்கத்துலேர்ந்து கோலாருக்குப் போனவரு" என்று ஆயா (பாட்டி) சொன்னது ஒன்று. கொள்ளுப்பாட்டியின் பெயர் ஒன்று. அப்புறம், 'வடஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா' என்று மட்டும் படிக்க முடிகிற ஒரு பழைய சுரங்கக் கம்பெனிச் சீட்டு. கொள்ளுத்தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கப் பகுதியில் வேலை பார்த்தவர். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தங்கம் எடுக்க ஆரம்பித்த பிறகு வடஆற்காட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போயிருக்கிறார்கள்.

பழைய காகிதத்தில் வடஆற்காடு என்று இருந்தால் இன்றைய வேலூர் மாவட்டத்தோடு நின்றுவிடக் கூடாது. 1911 வரை சித்தூரும் அந்த ஜில்லாவில்தான் இருந்தது. 1989-ல் திருவண்ணாமலை தனியானது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. சேத்துப்பட்டு இன்று திருவண்ணாமலை மாவட்டம். கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளும் எல்லைகள் இப்படித்தான் மாறின. அந்தப் பகுதி முதலில் புதுச்சேரிக்குக் கீழே இருந்தது, பிறகு சென்னைக்குக் கீழே வந்தது, 1952-ல் வேலூர் தனி மறைமாவட்டம் (ஒரு ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) ஆனது. பங்குகளும் (ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரங்கள்) வளர வளரப் பிரிந்திருக்கின்றன. இன்று ஒரு ஊர் எந்தப் பங்கில் இருக்கிறது என்று பார்த்து அங்கே போய்க் கேட்டால், பங்கு பிரிந்த நாளுக்குப் பிறகான பதிவேடுதான் கிடைக்கும். அதற்கு முந்தையது தாய்ப் பங்கின் அலமாரியில் இருக்கும். ஆகவே "இந்தப் பங்கு எதிலிருந்து பிரிந்தது?" என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

தாய்ப் பங்குக்கு வார நாளில், காலைப் பூசை முடிந்த நேரமாகப் பார்த்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியாருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆயா சொன்ன உறவு முறையை ஒரு தாளில் வரைந்து கொண்டுபோய்க் காட்டியதும் அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. போட்டோ எடுக்க வேண்டாம், பென்சிலால் குறித்துக்கொள்ளலாம் என்றார். நியாயம்தான். அந்த ஏடுகளில் மற்ற குடும்பங்களின் சொந்த விஷயங்களும் இருக்கின்றன.

பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் லத்தீனில் இருக்கின்றன. பயப்பட வேண்டியதில்லை. ஒரே வாசகம்தான் பக்கம் பக்கமாகத் திரும்ப வருகிறது: தேதி, குழந்தையின் பெயர், தகப்பன், தாய், ஊர், ஞானத்தகப்பன், ஞானத்தாய், கொடுத்த சாமியாரின் கையெழுத்து. எழுதியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்பதால் தமிழ்ப் பெயர்களைத் தங்கள் வழக்கப்படி எழுத்துக்கூட்டியிருக்கிறார்கள். பெயரை வாய்விட்டுப் படித்தால்தான் சவரிமுத்துவும் ராயப்பனும் சின்னப்பனும் பிடிபடுகிறார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஒரே பெயரில், ஒரே ஊர்க்காரர்களாக, நாலைந்து வருஷத்துக்குள் பிறந்த பிள்ளைகள் பலர். அந்தோணியும் சூசையும் இல்லாத வீடே இல்லை. இதில் நம்முடையவர் யார்? விடை ஓரத்தில் இருந்தது. 1908-ல் நடைமுறைக்கு வந்த ஒரு திருச்சபைச் சட்டப்படி, கல்யாணம் எந்த ஊரில் நடந்தாலும் அந்தத் தகவலை ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்ப வேண்டும், அங்கே பழைய பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும். ஒரு பதிவின் ஓரத்தில் வேறு மையில், சின்ன எழுத்தில், சாம்பியன் ரீஃப் என்ற பெயரும் எங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயரும் இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயா வாயால் சொன்னதற்குச் சாட்சியாக ஒரு காகிதம் நூறு வருஷத்துக்கு மேல் அங்கே காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

நம் பெயர் கிடைத்ததும் ஏட்டை மூடிவிட வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்தத் தாய் தகப்பனுக்குப் பிறந்த எல்லாப் பிள்ளைகளின் பதிவையும் எடுத்து, ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரு பக்கம் முழுக்க, எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே ஆள் ஞானத்தகப்பனாக இருந்தால் அவர் பெரும்பாலும் உபதேசியார், அதாவது சாமியாருக்குத் துணையாக வேதம் சொல்லிக்கொடுப்பவர். ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறவர்தான் உறவுக்காரர். கொள்ளுத்தாத்தாவுக்கும் அவர் கூடப் பிறந்தவர்களுக்கும் ஒரே பெண்மணி ஞானத்தாயாக இருந்தார். யார் இவர் என்று கல்யாணப் பதிவேட்டைப் புரட்டினேன். கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் கட்டியது அந்த அம்மாளின் மகளைத்தான். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தது (கல்யாண அறிவிப்பு), சாட்சிகளின் பெயர் எல்லாவற்றோடும் இன்னொரு வரி இருந்தது: இரண்டாம் படி இரத்த உறவுக்கு விலக்கு கொடுக்கப்பட்டது.

இந்த வரிதான் என்னைப் பொறுத்தவரை பெரிய புதையல். அத்தை மகள், மாமன் மகளைக் கட்டுவது நம் ஊர் வழக்கம். திருச்சபைச் சட்டத்தில் அது தடை, தனி அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும், வாங்கிய அனுமதியைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பழைய கணக்கில் 'இரண்டாம் படி' என்றால் மாப்பிள்ளையின் பெற்றோரில் ஒருவரும் பெண்ணின் பெற்றோரில் ஒருவரும் உடன்பிறந்தவர்கள். அக்காள் மகளைக் கட்டியிருந்தால் 'இரண்டாம் படி முதலாம் படியைத் தொடுகிறது' என்ற பொருளில் எழுதியிருப்பார்கள். 1983-ல் திருச்சபைச் சட்டத்தொகுப்பு மாறியபோது எண்ணும் முறையும் மாறிவிட்டது, அத்தை மகள் இப்போது நான்காம் படி. வருஷத்தைப் பார்த்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஆக, ஞானத்தாய் ஒன்று கொள்ளுத்தாத்தாவின் அத்தை, இல்லாவிட்டால் மாமன் பெண்சாதி. எது என்று ஏடு சொல்லவில்லை. அதற்காகத்தான் ஊருக்கே கிளம்பினேன். வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக ஆரணி, அங்கிருந்து சேத்துப்பட்டு, அப்புறம் ஷேர் ஆட்டோ.

சேத்துப்பட்டு லூர்து மாதா கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனேன். அந்த வட்டாரத்தில் கத்தோலிக்கக் குடும்பங்களின் வேரைத் தேடினால் தாராஸ் சுவாமியின் பெயர் வராமல் இருக்காது. பாரீஸ் மறைபரப்புச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர், 1876 முதல் 1878 வரையான தாது வருஷப் பஞ்சத்தின் காலத்தில் அங்கே உழைத்தவர். பஞ்சத்தை ஒட்டிய வருஷங்களில் ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் முதலில் சேர்ந்தவரும் பெரியவராகி ஞானஸ்நானம் பெற்றவர்தான். சோற்றுக்காகச் சேர்ந்தார்கள் என்று லேசாகச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. பஞ்சம் போன பிறகும் தலைமுறை தலைமுறையாகக் கோயிலைக் கட்டிக் காத்தவர்கள் அவர்கள்.

கோயில் நான் நினைத்ததைவிடச் சின்னது. சுண்ணாம்புக் காரைச் சுவர், தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. சுவரோடு ஒட்டிய பழைய பீடத்தை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள், முன்னால் மக்களைப் பார்த்து இன்னொரு பீடம். மணியில் வார்த்திருக்கும் வருஷம் வாசல் கல்லில் இருக்கும் வருஷத்துக்கு முந்தியது. முதலில் கூரைக் கோயிலாக இருந்தபோதே அந்த மணி வந்திருக்க வேண்டும் என்று ஊர்க்காரர்களும் சொன்னார்கள். கல்லறைத் தோட்டத்தில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஏழைகளுக்கு மண்மேடும் மரச்சிலுவையும்தான். எழுத்து இருந்த கல்லறைகளும் கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடித்து அடித்து மழுங்கிப் போயிருக்கின்றன. சுரண்டாதீர்கள், சாக்பீஸும் தேய்க்காதீர்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து தானாக நிழலில் தெரியும்.

கோயில் வாசலில் ஒரு வயதான அம்மா, "யாரூட்டுப் புள்ளப்பா நீ?" என்று கேட்டார். பெயர்களைச் சொல்லச் சொல்ல விரலை மடக்கிக்கொண்டே வந்தவர், ஞானத்தாயின் பெயரைச் சொன்னதும் நிறுத்தினார். "கோலாருக்குப் போனாரே, அவரு வழியா? அவருக்கு அத்த வூடுதான் எங்களுது" என்றார். ஏடு சொல்லாத விடை அது. அவர் எனக்கு எந்த முறை வேண்டும் என்று இன்னும் கணக்குப் போட்டு முடிக்கவில்லை. "பெரியம்மான்னு கூப்புடு, தப்பில்ல" என்று அவரே முடித்துவிட்டார்.

அந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பேசியதில் இன்னொரு விஷயமும் புரிந்தது. வீட்டில் பாதிப் பேருக்குக் கோயிலில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர்களான தலித்துகளுக்குப் பட்டியல் சாதிக்கான உரிமை கிடையாது. பிறகு சீக்கியர்களையும் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், இவர்களை இன்றுவரை சேர்க்கவில்லை. பிள்ளைகளின் படிப்புக்காகப் பெயரை மாற்றி எழுதியது அவர்கள் குற்றம் இல்லை, அந்த நிலைமையை உண்டாக்கியதுதான் அநியாயம். இந்த வட்டாரத்தில் 1950-க்குப் பிந்தைய தலைமுறையைத் தேடுகிறவர்கள் இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த வீட்டார் சொன்னதில் பெரும்பகுதியை நான் நோட்டில்கூட எழுதவில்லை.

மிச்சம் இருப்பது இரண்டு வேலை. பங்குப் பதிவேடுகளின் நகலை ஆண்டுதோறும் ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 1917 திருச்சபைச் சட்டத்தொகுப்பு சொன்னது. தாய்ப் பங்கில் கரையான் அரித்துப்போன ஒரு ஏட்டின் வருஷங்களுக்கு அந்த நகல் கிடைக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். அப்புறம் சாம்பியன் ரீஃப் கோயிலின் கல்யாணப் பதிவேடு. கொள்ளுப்பாட்டியின் தாய் தகப்பன் பெயரும் ஊரும் அதில் இருக்க வேண்டும். அவர் வழியைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை, அதனால் அதைத்தான் முதலில் பார்க்கப் போகிறேன்.