தரங்கம்பாடியில் அம்மாவின் பொருத்தனை

எட்டாம் மாதத்திலேயே பிறந்து இன்குபேட்டரில் கிடந்த பேத்திக்காக அம்மா பொருத்தனை பண்ணியிருந்தார்கள்: பிள்ளை பிழைத்து வீடு வந்தால் தரங்கம்பாடி புதிய எருசலேம் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை. கர்த்தர் கேட்டருளினார். போன மாதம் குடும்பத்தோடு போனோம்.

அன்று முகூர்த்த நாள். மயிலாடுதுறையில் ஏறிய பஸ்ஸில் திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்குப் போகிற கூட்டம். மனைவி கைக்குழந்தையோடு நின்றுகொண்டே வந்தாள். செம்பனார்கோயில் தாண்டி ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார்; அவர் நன்றாக இருக்க வேண்டும். இறங்கினால் ஆட்டோக்காரர்கள் விடுவதாக இல்லை. "கோட்டை, மியூசியம் எல்லாம் காட்டுறேன் சார்." ஜெபிக்க வந்தோம் என்றால் யார் காதிலும் ஏறவில்லை.

ராஜ வீதியிலுள்ள சீயோன் கோயில் அப்போது ஊரை ஆண்ட டேனிஷ்காரர்கள் 1701-இல் தங்களுக்கென்று கட்டியது. 1706-இல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் அடுத்த வருடமே நம் ஜனங்களுக்காக ஒரு சிறிய கோயில் எழுப்பினார். சபை பெருகி அது போதாமல் போக, 1718-இல் எழுந்ததுதான் புதிய எருசலேம். டென்மார்க் ராஜா நான்காம் பிரெடரிக்கின் முத்திரையும் கிரீடமும் இன்றும் முகப்பில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் தமிழிலும் போர்த்துகீசியத்திலும் ஆராதனை நடந்தது. 1845-இல் டேனிஷ்காரர்கள் ஊரையே கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். போர்த்துகீசியம் பேசிய சபை மறைந்தது. ஜெர்மனியின் லைப்சிக் லுத்தரன் மிஷன் வந்தது. 1919-இல் நம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. சீயோன் இப்போது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில். எத்தனை கை மாறினாலும் தமிழ்ச் சபையை ஆண்டவர் இங்கே வைத்திருக்கிறார்! நம் பேராயர் திருச்சியில் இருந்தாலும் பட்டம் தரங்கம்பாடிப் பேராயர் என்பதுதான்.

சீகன்பால்கு ஐயரின் கல்லறை புதிய எருசலேம் கோயிலுக்குள் பீடத்தருகே இருக்கிறது. கோயில் எழுந்த மறு வருடமே, 1719 பிப்ரவரியில், 36 வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர். அங்கே அம்மா முழங்காலிட்டார்கள். மூட்டு வலிக்காரர், தாங்கப் போன என் கையைத் தட்டிவிட்டார்கள். பிள்ளையை வாங்கி இரண்டு கையிலும் ஏந்தினார்கள். அது அழாமல் அம்மாவின் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. கண்ணாடி சரிந்து ஒரு காதில் தொங்கியது, அம்மா அதைச் சரி செய்யவே இல்லை. "உம்முடைய பிள்ளை ஆண்டவரே, உம்முடைய பிள்ளை." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

பின்னால் சுற்றுலா வந்த கூட்டம் செல்ஃபி எடுத்தபடி சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது. ஆராதனை நடக்கிற இடம் என்ற எண்ணம் வேண்டாமா? சொல்லத் திரும்பினேன். அதற்குள் மனைவி மெல்லிய குரலில் ஸ்தோத்திரப் பாட்டைத் தொடங்கிவிட்டாள். அப்புறம் எனக்குக் கூட்டமும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. டாக்டர்கள் கையை விரித்த ராத்திரி நினைவுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதேன். ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஆயிரம் ஸ்தோத்திரம்!

காணிக்கை உறையில் பிள்ளையின் பெயரை அம்மாவே எழுதினார்கள். ஞானஸ்நானமும் இங்கேதான் என்று ஆயரிடம் கேட்டு நாளும் குறித்துக்கொண்டார்கள்.