உலகமெல்லாம் அவர் கையில்

ஆகஸ்ட் 25, 2024, ஞாயிறு

ஞாயிறு பள்ளியில் இன்று சிறு பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பது என் முறை. ‘ஹீஸ் காட் த ஹோல் வேர்ல்ட் இன் ஹிஸ் ஹேண்ட்ஸ்’ பாடினோம். உலகம் என்று வரும்போது இரண்டு கைகளாலும் பெரிய வட்டம் போட வேண்டும். சின்னஞ்சிறு குழந்தை என்று வரும்போது தாலாட்ட வேண்டும். அந்த வரியில் எனக்குக் குரல் எழும்பவில்லை. அக்காவின் மகள் பிறந்து ஐந்து நாளாகிறது. முப்பதாவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1 கிலோ 180 கிராம். இன்குபேட்டரில் இருக்கிறாள்.

ஆகஸ்ட் 28, புதன்

1963இல் இதே நாளில், அதுவும் ஒரு புதன்கிழமைதான், கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக அமெரிக்காவில் நடந்த வாஷிங்டன் பேரணியில், பாடகி மரியன் ஆண்டர்சன் இந்தப் பாட்டைப் பாடினார். லிங்கன் நினைவகத்தின் முன் சுமார் இரண்டரை லட்சம் பேர். தேசிய கீதம் பாட வேண்டியவர் நேரத்துக்கு வந்து சேர முடியாமல், பிறகு இதைப் பாடினார். 1939இல், கறுப்பினத்தவர் என்பதால் வாஷிங்டனின் கான்ஸ்டிட்யூஷன் ஹால் அரங்கில் இடம் மறுக்கப்பட்டபோது, ஈஸ்டர் ஞாயிறன்று அதே நினைவகத்தின் படிகளில் 75,000 பேருக்குப் பாடியவர் அவர்.

நாம் இதைக் குழந்தைப் பாட்டாக்கிவிட்டோம். எட்வர்ட் போட்னர் 1927இல் தொகுத்த ஆன்மிகப் பாடல் நூலில் அச்சேறிய பாட்டு இது. அந்தப் பாடல் மரபை உண்டாக்கியவர்கள் அமெரிக்காவின் கறுப்பின அடிமைகள். பெற்ற பிள்ளையை எஜமான் எந்தச் சந்தையில் விற்பானோ என்று தெரியாமல் வாழ்ந்த தாய்மார்கள். சட்டப்படி எல்லாமே எஜமான் கையில். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ‘எல்லாம் அவர் கையில்’ என்று பாடினால், அந்த ‘அவர்’ யார் என்று சொல்லும்போதே எஜமான் யார் இல்லை என்பதும் சொல்லியாகிவிடுகிறது. பழைய வடிவங்களில் சூதாடியும் பொய்யனும்கூட அந்தக் கைக்குள் வருகிறார்கள். பிள்ளைகளுக்காக அந்த வரிகளை நாம் விட்டுவிடுகிறோம். எனக்கு அவை வேண்டும்.

செப்டம்பர் 3, செவ்வாய்

இரவில் குழந்தைக்கு இரண்டு முறை மூச்சு நின்றது. நர்ஸ் உள்ளங்காலை விரலால் சுண்டியதும் திரும்ப வந்தது. வராந்தாவில் ஒரு சொந்தக்காரர், “கவலைப்படாதே, கர்த்தர் கையில்தானே இருக்கிறாள்” என்றார். அக்கா, “அந்தக் கையிலா மூச்சு நிற்கிறது?” என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. நானும்தான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அந்தப் பேரணி நடந்து பதினெட்டே நாளில், 1963 செப்டம்பர் 15, ஞாயிறு காலை, அமெரிக்காவின் பர்மிங்ஹாமில், கறுப்பின மக்களின் 16ஆம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த டைனமைட் வெடித்தது. நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்கு வயது பதினான்கு, ஒருத்திக்குப் பதினொன்று. அன்று அங்கே ஞாயிறு பள்ளிப் பாடம்: மன்னிக்கும் அன்பு. 1977இல் ஒருவன் தண்டிக்கப்பட்டான். மற்ற இருவர் 2001, 2002இல்தான்.

தேவன் ஆளுகிறார் என்றால் நமக்குத் தீங்கு வராது என்று இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தவறு. இனி அப்படிச் சொல்லமாட்டேன். குண்டு வைத்தவன் உலகம் தன் கையில் என்று நினைத்தான். அப்படி இல்லை என்று, சவப்பெட்டிகளைச் சுமந்த மக்களே தொடர்ந்து பாடினார்கள். ‘என் காலங்கள் உமது கரத்திலிருக்கிறது’ என்று தாவீது சொன்னதும் எதிரிகள் சூழ்ந்திருந்தபோதுதான். ஏன் என்ற அக்காவின் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதிலில்லை. யார் கையில் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

மாலையில் மருத்துவமனைக்குப் போனேன். 1 கிலோ 420. முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு உள்ளே போனால், அத்தான் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி மகளை மார்போடு அணைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார். தொப்பிக்கு வெளியே ஒரு காது மட்டும் தெரிந்தது. நான் மெல்ல முணுமுணுத்த பாட்டில் அக்காவும் சேர்ந்துகொண்டாள். உலகம் என்று வந்த இடத்தில் அவளால் கையை விரிக்க முடியவில்லை. ஒரு விரல் குழந்தையின் பிடியில் இருந்தது.