வேலையை விடாமல் எம்.டெக்.: கையெழுத்து வாங்குவதிலிருந்து வைவா வரை

வேலையில் இருந்துகொண்டே எம்.டெக். எப்படி முடித்தாய் என்று அலுவலகத்தில் கேட்பவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். நான் படித்தது பிலானி பிட்ஸின் வில்ப் பிரிவில், எம்.டெக். சாஃப்ட்வேர் சிஸ்டம்ஸ். வேலையில் இருப்பவர்களுக்கென்றே 1979லிருந்து அவர்கள் நடத்திவரும் பிரிவு அது. நான்கு செமஸ்டர், முதல் மூன்றில் பாடங்கள், கடைசியில் டிசர்டேஷன், அதாவது ஆய்வறிக்கை. கேட் (GATE) நுழைவுத் தேர்வு மதிப்பெண் தேவையில்லை, பட்டப்படிப்பில் 60 சதவீதமும் குறைந்தது ஒரு வருட வேலை அனுபவமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதிநேர எம்.இ.யையும் யோசித்தேன். அங்கே மாலை வகுப்புகளுக்கு நேரில் போக வேண்டும், ஓ.எம்.ஆரில் வேலை பார்த்துக்கொண்டு மாலை நெரிசலில் கிண்டிக்குப் போய்ச் சேருவது எனக்கு ஆகாத காரியம் என்று விட்டுவிட்டேன்.

விண்ணப்பத்திலேயே நேரத்தைத் தின்பது நிறுவனத்தின் ஒப்புதல் படிவம்தான். கையெழுத்தும் முத்திரையும் வேண்டும், கூடவே அலுவலகத்திலிருந்து ஒருவர் மென்ட்டராக இருக்க ஒப்புக்கொள்ள வேண்டும். மேனேஜர் உடனே சரி என்றார், எச்.ஆர். மட்டும் 'இதில் கையெழுத்துப் போட்டால் கம்பெனிக்கு ஏதாவது பொறுப்பு வருமா' என்று கேட்டுக் கேட்டு இழுத்தடித்தது. கடைசி தேதிக்கு ஒரு மாதம் முன்பே படிவத்தை அவர்கள் மேசையில் வைத்துவிடுங்கள்.

வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில், ஆன்லைனில். தை, வைகாசி முகூர்த்தங்களுக்கு வீட்டிலிருந்து யாராவது மொய்க் கவரோடு போய்த் தலை காட்டிவிட்டு வருவார்கள், நான் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருப்பேன். பதிவு செய்த வகுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும், ஆனால் வார நாளில் மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் வேலை வந்துவிட்டால் அந்தப் 'பிறகு' வரவே வராது.

பாடங்களில் எனக்கு உண்மையிலேயே பலன் தந்தது டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங், அதாவது பல கணினிகள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்வது பற்றிய பாடம். அந்தச் சமயத்தில் எங்கள் டீமில் ஒரு தலைவலி: லாக்கில் (நடந்ததையெல்லாம் நேரத்தோடு மென்பொருள் பதிந்துவைக்கும் குறிப்பில்) பார்த்தால் பணம் வந்ததற்கு முன்பே பொருள் அனுப்பப்பட்டதாக நேரம் காட்டும், இரண்டு டீமும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். வகுப்பில் கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978இல் எழுதிய கட்டுரை வந்தது. வெவ்வேறு கணினிகளின் கடிகாரங்கள் மில்லி செகண்ட் கணக்கில் முன்பின்னாகத்தான் ஓடும், அதை நம்பி எது முந்தி எது பிந்தி என்று முடிவு செய்யாதே, ஒவ்வொரு செய்தியோடும் ஒரு எண்ணை அனுப்பு, வந்த எண், உன் எண் இரண்டில் பெரியதோடு ஒன்றைக் கூட்டி வைத்துக்கொள் என்கிறார், அவ்வளவுதான். எங்கள் செய்திகளில் அப்படி ஒரு எண்ணைச் சேர்த்ததும் லாக் ஒழுங்கான வரிசையில் வந்தது, சண்டையும் நின்றது. இரண்டு நிகழ்வுகள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் நடந்தவையா என்று அந்த ஒற்றை எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு ஒவ்வொரு கணினிக்கும் ஒரு எண் என்று பட்டியலாக வைத்துக்கொள்ளும் வெக்டர் கிளாக் வேண்டும் என்பதும் அடுத்த வாரமே புரிந்தது. விருப்பப் பாடம் எடுக்கும்போது பெயர் கவர்ச்சியாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் கையில் எடுக்கும் வேலையைத் தொடுகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது செமஸ்டரில் கட்டாயம் சலித்துப்போகும்.

தேர்வுகளைப் பற்றி: இடைத்தேர்வில் புத்தகம் பார்க்கக் கூடாது, இறுதித் தேர்வில் பார்க்கலாம். பார்க்கலாம் என்றதும் நிம்மதியாகிவிட வேண்டாம், புத்தகத்தில் இருப்பதை அப்படியே கேட்க மாட்டார்களே. பொதுவான ஒன்றை ஒரு நேரத்தில் ஒரு கணினி மட்டும் பயன்படுத்தும்படி பார்த்துக்கொள்ளும் ரிக்கார்ட்–அக்ரவாலா முறையில், n கணினிகள் இருந்தால் ஒன்றுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்க 2(n−1) செய்திகள் என்பது புத்தகத்திலேயே இருக்கும். நடுவில் ஒரு கணினி செத்துப்போனால் யார் யார் எதற்காகக் காத்து நிற்பார்கள் என்று கேட்டால் பக்கம் புரட்டிப் பயனில்லை. வகுப்பு மொத்தமும் எப்படி எழுதியது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் கிரேடும்.

டிசர்டேஷன் தலைப்பை மூன்றாவது செமஸ்டரிலேயே முடிவு செய்யுங்கள். அலுவலக வேலையையே எடுக்கலாம், வழிகாட்டியும் அங்கிருந்தே இருக்கலாம், அதுதான் இந்தப் படிப்பின் வசதி. ஆனால் அறிக்கை வெளியே போகிறது என்றதும் நிறுவனத்தின் சட்டப் பிரிவு விழித்துக்கொள்ளும். நான் வாடிக்கையாளர் தரவு எதையும் தொடாமல், நானே உருவாக்கிய சோதனைத் தரவை வைத்து எழுதினேன், அனுமதி சிக்கலில்லாமல் கிடைத்தது. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்டதெல்லாம் 'ஏன் இந்த வழி, ஏன் வேறு வழி இல்லை' என்பதுதான். சொந்தமாகச் செய்திருந்தால் பதில் தானாக வரும்.

அப்புறம், ஃபீஸ். கம்பெனி திருப்பித் தருகிறது என்றால் எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று அவர்கள் கையெழுத்து வாங்கும் பாண்டை (ஒப்பந்தப் பத்திரத்தை) படித்துப் பாருங்கள். நான் படித்துப் பார்த்துவிட்டு என் சேமிப்பிலிருந்தே கட்டினேன்.